ஊற்ற வேண்டாம்

மூன்றாம் நாளும் முகாமுக்கு யாரும் வரவில்லை.

ஈரோடு பேருந்து நிலையத்தில், கோபி பேருந்துகள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். உள்ளே ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், அட்டைப்பெட்டி நிறையத் துளிக்காட்டிகள். துளிக்காட்டி தீப்பெட்டி அளவுதான் இருக்கும். விரல்நுனியிலிருந்து ஒரு துளி ரத்தம் எடுத்து அதில் வைத்தால் பத்து நிமிடத்தில் பச்சையோ சிவப்போ காட்டும். பச்சை என்றால் தொந்தரவு இல்லை. சிவப்பு என்றால் அந்த மனிதரின் ஈரல் தணிவேர்ச் சாற்றைத் தாங்காது. இன்னும் ஓராண்டு குடித்தால் சுருங்கிப் போகும். கூடாரத்துக்கு வெளியே இதையெல்லாம் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தாள் நறுமுகை.

மக்கள் நின்று படித்தார்கள். படித்துவிட்டுப் புன்னகையோடு நகர்ந்தார்கள்.

துணிமூட்டையோடு வந்த ஒருவரை அவள் மறித்தாள். "ஒரு துளி ரத்தம் குடுத்துட்டுப் போங்க. பத்தே நிமிஷந்தான்."

"எதுக்குங்க?"

"நீங்க தினம் குடிக்கற சாறு உங்க ஈரலைக் கெடுக்குதான்னு பார்க்கத்தான்."

"கெடுக்குதுங்களா?"

"நூத்துல ஒருத்தருக்குக் கெடுக்குது. வலி, காய்ச்சல், ஒண்ணும் இருக்காது. வெளிய தெரியறப்போ வைத்தியம் இருக்காது."

"அடடா" என்றார் அவர். அக்கறையாகத்தான் சொன்னார். "நல்ல காரியம் பண்றீங்க. கோபி பஸ் வந்துருச்சு. இன்னொரு நாளைக்கு வர்றனுங்க."

ஏறுவதற்கு முன் கம்பத்தில் மாட்டியிருந்த சாறூற்றியின் கீழ் கையை நீட்டினார். அது அவருடைய மணிக்கட்டில் இருந்த நாடிப்பட்டையை அறிந்துகொண்டு, காகிதக் கோப்பையில் மூன்று மிடறு பழுப்புச் சாற்றை ஊற்றியது. குடித்துவிட்டு, சன்னலோர இருக்கையில் உட்கார்ந்து நறுமுகைக்குக் கையசைத்தார்.

தணிவேர்ச் சாறு வீடுகளுக்கு வந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. மலைச்சரிவில் தானாக வளர்ந்த கொடி அது. அதன் வேரைக் காய்ச்சி வடித்தால் கிடைக்கும் சாறு, நெஞ்சுப் படபடப்பால் வேலைக்குப் போக முடியாமல் கிடந்தவர்களை எழுப்பி உட்கார வைத்தது. முதல் உரிமம் அவர்களுக்காகத்தான் கொடுக்கப்பட்டது: வேளைக்கு அரைக் கரண்டி, நாற்பது நாள், அதோடு நிறுத்த வேண்டும். அறுநூறு நோயாளிகளிடம் சோதித்திருந்தார்கள். நாற்பது நாளில் யாருக்கும் எந்தக் கெடுதலும் வரவில்லை. அது உண்மை.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் முடிவுசெய்து நடத்தவில்லை. நோயாளிகளின் வீட்டார் குடித்துப் பார்த்தார்கள். தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். வேர்தானே, செடியில் கிடைப்பதுதானே, என்ன செய்துவிடும் என்றார்கள். ஒரு வருடத்துக்குள் குடிநீர்க் குழாய்போலத் தெருவுக்குத் தெரு சாறூற்றி வந்துவிட்டது. ரத்த அழுத்தம் குறைந்தது. அடிதடி குறைந்தது. காவல் நிலையங்கள் பாதி மூடப்பட்டன. இவையும் உண்மைதான். சாறு மயக்கம் தரவில்லை, அறிவை மழுக்கவில்லை. கவலையை மட்டும் எடுத்துவிட்டது.

மூலிகைப் பாதுகாப்பு வாரியம் ஆண்டுதோறும் சான்றிதழ் கொடுத்தது. மண் கலந்திருக்கிறதா, பூஞ்சை இருக்கிறதா, ஈயம் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். சாறு சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்தவர்கள், சுத்தமான சாறு தினமும் உள்ளே போனால் பத்து வருடத்தில் என்ன செய்யும் என்று பார்க்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாததுதான் அந்தச் சாற்றின் குணம்.

நறுமுகைக்குத் தோன்றியது. அவள் வாரியத்தின் ஆய்வாளர். ஆய்வாளர்கள் தாங்கள் சோதிக்கும் மருந்தைக் குடிக்கக் கூடாது என்று விதி இருந்தது. ஆறு பேராக இருந்தவர்களில் ஐந்து பேர், சுற்றிலும் எல்லோரும் நிம்மதியாக இருக்கும்போது தாங்கள் மட்டும் பதறிக்கொண்டிருப்பது தாங்காமல் வேலையை விட்டுவிட்டுக் குடிக்கப் போனார்கள். மிச்சம் அவள் ஒருத்தி.

தோல் செல்லிலிருந்து வில்லை அளவுக்கு ஈரலை வளர்க்கும் முறை அவளிடம் இருந்தது. நகலீரல் என்று அதற்குப் பெயர். ஒரு வாரத்தில் ஓராண்டுக்கான வேலையை அது செய்துவிடும். நானூறு பேரின் நகலீரல்களில் சாற்றை விட்டுப் பன்னிரண்டு வாரம் காத்திருந்தாள். முந்நூற்றுத் தொண்ணூற்றாறு நலமாக இருந்தன. நான்கு, பன்னிரண்டாம் வாரத்தில் உலர்ந்த திராட்சைபோலச் சுருங்கிக் கிடந்தன. அந்த நான்கு பேருக்கும் ஒரே நொதி குறைவாக இருந்தது. அதைக் கண்டுபிடிக்கத்தான் துளிக்காட்டி.

தமிழ்நாட்டில் எட்டுக் கோடிப் பேர் என்றால், எட்டு லட்சம் பேர். இன்னும் ஓராண்டு.

அன்று மாலை முகாமை மூடிவிட்டு, ஒரு துளிக்காட்டியை வீட்டுக்கு எடுத்துப் போனாள். அவள் கணவன் பிரணவ் மின்வாரியத்தில் பொறியாளன். கேட்டவுடன் விரலை நீட்டினான். பத்து நிமிடம் இருவரும் சமையலறை மேடையில் அதை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சிவப்பா வருது" என்றான் பிரணவ்.

நறுமுகை இன்னொரு விரலில் குத்தினாள். மறுபடியும் சிவப்பு.

"சரி விடு" என்றான் அவன். "ஒரு வருஷம் இருக்குதில்ல. ஊட்டிக்குப் போய்ட்டு வந்துரலாம். ரொம்ப நாளாச் சொல்லிட்டு இருந்தியே."

"இன்னியோட நிறுத்திருங்க. நிறுத்தினா ஈரல் தப்பிச்சுக்கும். நிறுத்தறீங்களா?"

"நிறுத்தறேன்."

அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலை பல் தேய்த்துவிட்டு வந்தவன் வழக்கம்போலச் சாறூற்றியின் கீழ் கோப்பையை வைத்தான். நறுமுகை சுவரிலிருந்து அதைப் பிடுங்கி எடுத்துக் குழாயை அடைத்தாள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை, தெருமுனைக்கு நடந்து போய்க் குடித்துவிட்டு வந்தான். அதையும் மறைக்கவில்லை.

"ஏங்க, சொன்னேனே."

"நீ சொன்னது ஞாபகம் இருந்துச்சு. ஆனா பெருசாத் தெரியல."

அவன் முகத்தில் இருந்த அந்த நல்ல புன்னகையைப் பார்த்தபடி நின்றாள். சாறு அவனைக் குடி என்று சொல்லவில்லை. குடிக்காதே என்று சொல்ல அவனுக்குள் ஆள் இல்லாமல் செய்திருந்தது. ஊரே அப்படித்தான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனை முகாம் போட்டாலும் வரமாட்டார்கள். முதலில் சாறு நிற்க வேண்டும். நின்றால்தான் பயம் வரும். பயம் வந்தால்தான் வரிசை வரும்.

மாநிலம் முழுக்க இருபத்தொரு நாள் சாற்றை நிறுத்தும் அதிகாரம் வாரியத்துக்கு மட்டுமே உண்டு. அடுத்த வாரமே அவள் வாரியத்தின் முன் போய் நின்றாள். உறுப்பினர் ஐந்து பேர். தலைவர் டாக்டர் அம்பலவாணனுக்கு எழுபது வயது. உறுப்பினர்களில் ஒருவரான அரசுச் செயலாளர் ஷகிலா பானு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எல்லோர் முன்னாலும் கோப்பைகள்.

நாற்பது நிமிடம் பேசினாள். நகலீரல் படங்களைத் திரையில் காட்டினாள்.

"நல்லாப் பண்ணியிருக்கறே அம்மிணி" என்றார் அம்பலவாணன். "வெச்சுட்டுப் போ. சாவகாசமாப் படிக்கறோம்."

"படிச்சுட்டு?"

"அதான் படிக்கறோமில்ல."

அவள் இதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். பையிலிருந்து வாரியத்தின் விதிப்புத்தகத்தை எடுத்து, அடையாளம் வைத்த பக்கத்தைப் பிரித்து அவர் முன் வைத்தாள். எந்தப் பொருளின் பாதுகாப்பு விசாரிக்கப்படுகிறதோ, அந்தப் பொருளை விசாரணைக்கு முந்தைய இருபத்தொரு நாளும் எந்த உறுப்பினரும் உட்கொண்டிருக்கக் கூடாது. அபினும் கஞ்சாவும் விசாரிக்கப்பட்ட காலத்தில் எழுதிய விதி. நீக்க யாரும் மெனக்கெடவில்லை.

"முறையா விசாரணை கேக்கறேனுங்க. இந்த விதிப்படி."

ஐந்து பேரும் படித்தார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. "மூணு வாரந்தானே" என்றார் ஷகிலா பானு. "நிறுத்திட்டாப் போச்சு." தங்கள் நாடிப்பட்டைகளைப் பூட்டிவைக்கச் சொல்லி அங்கேயே ஒப்புதல் கொடுத்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் மதியம், ஆய்வகத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு அம்பலவாணன் தனியாக வந்தார். சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார், உடனே எழுந்தார்.

"என்ன பண்ணி வெச்சுட்டே அம்மிணி. கண்ணை மூட முடியல. நெஞ்சு அடிச்சுக்குது. எனக்கு நானே நாடி பார்த்துக்கறேன்."

"இன்னும் நாலஞ்சு நாள்ல சரியாப் போயிருமுங்க."

"பையன் ஓசூர்லதான் இருக்கறான். பேசி நாலு வருஷமாச்சு. சண்டை கிண்டையெல்லாம் இல்லை. நானும் கூப்பிடல, அவனும் கூப்பிடல. முந்தாநேத்துத்தான் அது எனக்குத் தோணுச்சு. கூப்பிட்டேன். 'அப்படியாப்பா, சந்தோஷம்'ங்கறான். சாறு குடிச்சுட்டுப் பேசறான்." மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "உன் அறிக்கைய மூணு தடவ படிச்சேன். தப்பே இல்லை. நாப்பது வருஷம் வைத்தியம் பார்த்தவன் நான். இதை எப்படி வாங்கி ஓரமா வெச்சேன்?"

நறுமுகைக்கு அன்று நம்பிக்கை வந்தது. வந்திருக்கக் கூடாது என்று பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது.

விசாரணை அன்று ஐந்து பேரும் வேறு மனிதர்களாக இருந்தார்கள். ஒருவர் நகம் கடித்துக்கொண்டிருந்தார். ஷகிலா பானு அழுது ஓய்ந்த முகத்தோடு இருந்தார். யாரும் அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அறிக்கையை வரிவரியாகப் படித்திருந்தார்கள்; நம்பினார்கள். அதனால்தான் கதவை உள்ளிருந்து தாழ் போடச் சொன்னார்கள்.

"இது வெளிய போனா ஜனங்க முதல்ல என்ன கேப்பாங்க?" என்றார் ஷகிலா பானு. "வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டது யாருன்னு கேப்பாங்க. அஞ்சு பேரும் ஜெயிலுக்குத்தான் போகணும்."

"சும்மா விடமாட்டாங்க" என்றார் நகம் கடித்தவர். "வீட்டுல புகுந்து அடிப்பாங்க."

அம்பலவாணன் தட்டச்சு செய்த ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். "ஆய்வு முடிவு உறுதியானதல்ல, மேலும் ஐந்தாண்டு ஆராய வேண்டும்" என்று அதில் எழுதியிருந்தது. கீழே அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"என் வீட்டுக்காரர் சிவப்புங்க" என்றாள் நறுமுகை. "அவருக்கு அஞ்சு வருஷம் இல்லை."

"அவர மட்டும் நாங்க எங்கயாச்சும் வெச்சுப் பார்த்துக்கறோம். சாறு கிடைக்காத இடமா."

"மீதி எட்டு லட்சம் பேர?"

அம்பலவாணன் பேனாவை எடுத்துத் தாளின்மேல் வைத்தார்.

"இதுல நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"வேலை போயிரும் அம்மிணி."

"எடுத்துக்கங்க."

"ஆய்வகத்தைப் பூட்டிருவோம். நகலீரல் எதுவும் மிஞ்சாது."

அவளுக்கும் பயம் இருந்தது. பதினோரு வருடமாக அந்தப் பயத்தோடு தனியாகவே இருந்து பழகியவள் அவள். "பூட்டுங்க. நான் மறுபடி நாலு பேர் தோலை வாங்கி வீட்டுல வளர்ப்பேன். தினம் பஸ் ஸ்டாண்டுல நின்னு சொல்லுவேன். கேக்க ஆள் இல்லாட்டியும் சொல்லுவேன். பொய்ல மட்டும் என் பேரு இருக்காது."

தாளைத் திருப்பித் தள்ளினாள். அவர்கள் அவள் கையெழுத்து இல்லாமலேயே அறிக்கையை முத்திரையிட்டு மூடுவதாகத் தீர்மானம் எழுதிக்கொண்டார்கள். விசாரணை முடிந்தது. விசாரணை முடிந்ததால் விதியும் முடிந்தது. நாடிப்பட்டைகளின் பூட்டு திறந்தது. ஷகிலா பானு மணியை அடிக்க, ஐந்து கோப்பைகள் வந்தன. பாலைவனத்தில் நடந்து வந்தவர்களைப்போல வாங்கிக் குடித்தார்கள்.

நறுமுகை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். கதவுவரை போனவள் திரும்பிப் பார்த்தாள். அம்பலவாணனின் நெற்றிச் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக இளகுவது அங்கிருந்தே தெரிந்தது. அவள் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். சாறு வேலை செய்யக் கால் மணி நேரம் காத்திருந்தாள். யாரும் அவளை வெளியே போ என்று சொல்லவில்லை. நகம் கடித்தவர் சன்னலுக்கு வெளியே கிளியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, என் அறிக்கை சரிதானுங்களே?"

"சரிதான்" என்றார் அம்பலவாணன்.

"எட்டு லட்சம் பேரு செத்துப் போவாங்க."

"ஆமா. கொஞ்சம் கூடக் குறைய."

"அப்புறம் ஏனுங்க மூடி வெச்சீங்க?"

அவர் யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார். "பயந்துட்டோம் அம்மிணி."

"இப்போ பயமா இருக்குதுங்களா?"

"இல்லையே."

பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்து வைத்தாள். இருபத்தொரு நாள் சாற்றை நிறுத்தும் ஆணை. மருத்துவர் சீட்டு வைத்திருக்கும் நோயாளிகளுக்கு மட்டும் சாறு உண்டு: அரைக் கரண்டி, நாற்பது நாள், முதல் உரிமத்தில் இருந்தபடி. மற்ற எல்லோரும் துளிச் சோதனைக்கு வர வேண்டும்.

"அப்போ இதுல போடுங்க."

அம்பலவாணன் தாளைப் பார்த்தார். பக்கத்தில் திரும்பினார். "போடலாமா?"

"போட்டா என்ன" என்றார் ஷகிலா பானு. "சரியானதுதானே."

"ஜெயில்னு சொன்னீங்க?"

"சொன்னேன். போனாப் போறோம்."

நான்கு நிமிடத்தில் ஐந்து கையெழுத்துகளும் விழுந்தன. கடைசியாகப் போட்டவர் அவளுக்குக் காபி வேண்டுமா என்று கேட்டார். அவள் வேண்டாமென்று சொல்லிவிட்டு மாடிப்படியில் இறங்கி ஓடினாள். யாரும் துரத்தி வரப்போவதில்லை என்று தெரிந்தும் ஓடினாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மாநிலமெங்கும் சாறூற்றிகள் நின்றன. முதல் மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் நாள் ஈரோடு சந்தையில் இரண்டு பேர் விலைக்காகச் சத்தம் போட்டார்கள். பத்து வருடமாக அப்படிக் கேட்டறியாத கூட்டம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. ஏழாம் நாள் முகாம் வாசலில் நூறு பேர் நின்றார்கள். பத்தாம் நாள் வரிசை பேருந்து நிலையத்தைச் சுற்றி வந்து முடிந்தது.

வந்தவர்கள் நன்றி சொல்ல வரவில்லை. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அவள் சட்டையைப் பிடித்தார்கள். இப்போது ஏன் சொன்னாய் என்றும் பிடித்தார்கள். ஒரு மாலை ஆய்வகத்தின் மீது கல் விழுந்தது. கண்ணாடி உடைந்து மேசையெல்லாம் சிதறியது. அவள் பயந்து மேசைக்கு அடியில் குனிந்திருந்தாள். இருந்தாலும் ஊரில் யாருக்கோ கோபம் வருகிறது என்ற எண்ணம் அவளுக்கு இனித்தது. மருத்துவமனைகளில் படபடப்போடு வந்தவர்களுக்குப் படுக்கை போதவில்லை. ரத்த அழுத்த மாத்திரைகள் தீர்ந்து போயின. அதையெல்லாம் நாள்வாரியாகத் தன் அறிக்கையில் எழுதினாள். சாற்றின் நன்மையைக் குறைத்துக் காட்ட அவள் விரும்பவில்லை.

ஒன்பதாம் நாள் வீடு திரும்பியபோது பிரணவ் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"எங்கம்மா செத்தன்னிக்கு நான் என்ன பண்ணினேன்?" என்று கேட்டான்.

ஆறு வருடத்துக்கு முந்தைய சாவு அது. "வந்தவங்களுக்கெல்லாம் காபி குடுத்தீங்க" என்றாள்.

"அழுதனா?"

"இல்லீங்க."

அவன் அப்போது அழத் தொடங்கினான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தாள். அழுது முடித்ததும் கையைத் தட்டிவிட்டான். "நீ குடிக்கலையே. உனக்குத் தெரியுமே. என்னைக் கட்டிப் போட்டாவது நிறுத்தியிருக்கலாமில்ல? பதினோரு வருஷம் ஒரு பொம்மையோட எப்படி இருந்தே?"

"எப்படி இருந்தேன்னு இன்னிக்காச்சும் கேட்டீங்களே" என்றாள் அவளும் குரலை உயர்த்தி. கல்யாணமான இத்தனை வருடத்தில் முதல் சண்டை. இரண்டு மணி நேரம் போட்டார்கள். பக்கத்து வீட்டிலும் யாரோ சண்டை போடும் சத்தம் கேட்டது.

இருபத்தொரு நாளில் ஊர்தோறும் போட்ட முகாம்களில் ஏழு கோடிப் பேர் ரத்தம் கொடுத்தார்கள். ஏழு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேர் சிவப்பு. அவர்களுடைய நாடிப்பட்டைகளில் விலக்குப் பூட்டு போடப்பட்டது. எந்தச் சாறூற்றியும் இனி அவர்களுக்கு ஊற்றாது. பிரணவின் ஈரலைப் படமெடுத்துப் பார்த்தார்கள், தப்பிவிடும் என்றார்கள். மற்றவர்கள் பச்சை. இருபத்திரண்டாம் நாள் காலை ஆறு மணிக்கு அவர்களுக்காகச் சாறூற்றிகள் மறுபடி திறந்தன.

தன் வேலை முடிந்தது என்று நறுமுகை நினைத்திருந்தாள். எட்டு மணிக்கு ஆய்வகத்துக்கு வந்தபோது வாசலில் வரிசை நின்றது. உடைந்த சன்னல்வரை நீண்டிருந்தது.

முதலில் நின்றவள் பெயர் துளசிமணி. நாற்பது வயதிருக்கும். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். சோதனை முடிவு பதிந்திருந்த நாடிப்பட்டையை நீட்டினாள். பச்சை.

"உங்களுக்கு ஒண்ணுமில்லையே. தாராளமாக் குடிக்கலாமே."

"விலக்குன்னு போட்டுக் குடுங்க."

"விலக்கு சிவப்புக்குத்தான்."

"தெரியுமுங்க. எனக்கும் சிவப்புன்னு எழுதுங்க." துளசிமணி மேசைமேல் சாய்ந்தாள். "என் வேன்ல இடது பக்கத்துப் பிரேக் சரியில்லை. ஒதுங்கி இழுக்கும். எட்டு வருஷமா எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் ஓட்டிட்டு இருந்தேன். இருபத்திரண்டு குழந்தைங்க. போன வாரம் ஒரு நாள் நடுரோட்டுல வண்டிய நிறுத்திட்டு இறங்கி வாந்தி எடுத்தேன். அன்னிக்கே மாத்திட்டேன்."

"அப்போ குடிக்காம இருங்க. யாரும் கட்டாயப்படுத்தலையே."

"முடியலீங்க. காலைல அஞ்சு மணிக்கு முழிப்பு வந்துருச்சு. பயம். டயரு, மழை, புள்ளைங்க கதவத் திறந்துட்டா என்ன பண்றதுன்னு. பயம் வந்தாக் கை தானாக் கோப்பைய எடுக்குது. குடிச்சுட்டா மறுபடி பிரேக் பெருசாத் தெரியாது. மெஷின் ஊத்தலைன்னாத்தான் நான் தப்பிப்பேன்."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் பாலங்களைச் சோதிக்கும் பொறியாளர். ஒருத்தி கைக்குழந்தையோடு நின்றாள். எல்லோர் பட்டையும் பச்சை.

"பொய் எழுத மாட்டேனுங்க" என்றாள் நறுமுகை. "உங்க ஈரல் நல்லா இருக்குது."

"அப்போ நானும் நகர மாட்டேன்" என்றாள் துளசிமணி.

அவள் சொன்னபடி நகரவில்லை. அரை மணி நேரம் நின்றாள். வரிசை முணுமுணுக்கத் தொடங்கியது. நறுமுகை அவளைப் பார்த்தாள். இந்த முகங்களில் பயத்தை வரவழைக்க அவள் ஒரு மாநிலத்தையே நிறுத்தியிருந்தாள். பயத்தை வைத்துக்கொண்டு எப்படி வாழ்வது என்று யாருக்கும் சொல்லித் தர அவளிடம் கருவி எதுவும் இல்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதினாள். எழுதியதைத் திருப்பிக் காட்டினாள்.

"பெயர் துளசிமணி. ஈரல் நலம். இருபத்திரண்டு குழந்தைகளை ஏற்றிச் செல்பவர். பயத்தோடு இருக்க விரும்புகிறார். ஊற்ற வேண்டாம்."

கீழே கையெழுத்துப் போட்டு முத்திரையும் வைத்தாள். "இதுல பொய் ஒண்ணும் இல்லை. ஆனா இதை மெஷின் படிக்காதுங்க. கை நீட்டினா ஊத்தத்தான் செய்யும்."

துளசிமணி தாளை வாங்கி இரண்டு தடவை வாசித்தாள். "மெஷின் படிக்காட்டிப் போகுது. நான் படிப்பனில்ல."

மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனாள். பொறியாளர் முன்னால் வந்து தன் பெயரைச் சொன்னார்.

பதினோரு மணிக்கு அம்பலவாணன் தொலைபேசியில் அழைத்தார். குரல் பழையபடி வழுவழுப்பாக இருந்தது. "விதியில இல்லாத சீட்டு எழுதிக் குடுக்கறியாமா?"

"ஆமாங்க."

"வாரிய முத்திரையை அப்படி வெக்கக் கூடாதே அம்மிணி."

"நிறுத்த மாட்டேனுங்க. வந்து நிறுத்தறதுன்னா நிறுத்துங்க."

மறுமுனையில் ஒரு மிடறு விழுங்கும் சத்தம் கேட்டது. "சரி சரி. நீ பாரு" என்றார்.

தாள் தீர்ந்தபோது பிரணவ் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு இரண்டு கட்டுத் தாளோடு வந்தான். கல் எறிந்தவர்கள் மறுபடி வருவார்களோ என்று பயந்து வந்ததாகச் சொன்னான். பக்கத்தில் உட்கார்ந்து அவனும் பெயர்களை எழுதினான். அடுத்த வாரம் சேலத்திலும் மதுரையிலும் மருத்துவர்கள் அதேபோல எழுதிக் கொடுக்கத் தொடங்கினார்கள். சீட்டை வாங்கியவர்களில் பாதிப் பேர் அன்றே போய்க் குடித்துவிட்டார்கள் என்றும் செய்தி வந்தது. குடித்தவர்களில் சிலர் மறுபடி வரிசையில் வந்து நின்றார்கள்.

சீட்டுகளைத் தடைசெய்ய வேண்டும் என்று சாறு காய்ச்சும் ஆலைகள் வாரியத்துக்கு மனு அனுப்பின. ஐந்து உறுப்பினர்களும் அதைப் படித்தார்கள். நியாயமான கோரிக்கைதான் என்று ஒத்துக்கொண்டார்கள். அவசரம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அடுத்த கூட்டத்துக்கு மூன்று மாதம் தள்ளித் தேதி குறித்தார்கள். அந்தத் தேதி வந்தபோது பதினோரு லட்சம் பேரின் சட்டைப்பையில் சீட்டு இருந்தது. அன்று சீட்டுகளோடு வாரியத்தின் வாசலில் வந்து நின்ற கூட்டத்தைப் பார்த்துப் பயப்பட, உள்ளே கோப்பையோடு உட்கார்ந்திருந்த ஐந்து பேரில் யாரும் இல்லை.